ரெண்டு சிடியும் நாலு சிடியும்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி கண்ட்ரோல். தைத்து முடித்த ஷூவின் மேல்பாகங்கள் டியூப்லைட்டுக்குக் கீழே என் மேசைக்கு வரும். தோலில் மாட்டை உண்ணி கடித்த தழும்பு, கத்திக் கீறல், விட்டுப்போன தையல், இடது கால் ஒரு நிறம் வலது கால் ஒரு நிறம் என்று எது கண்ணில் பட்டாலும், ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு ஷீட் ஸ்டிக்கர் காலியாகும். லைனில் தைக்கிற பெண்கள் எனக்கு வைத்த பெயர் அம்பு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குக் காதும் நன்றாகத்தான் கேட்கும்.

வேலை முடிந்ததும் கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடிவதில்லை. சர்ச்சில் ஆயருடைய அங்கியில் பிரிந்து தொங்கும் நூல், வீட்டில் சரியாக மூடாத அலமாரிக் கதவு எல்லாம் கண்ணில் படும். பட்டால் வாய் சும்மா இருக்காது. அம்மாவின் கையிலிருந்து ஏதாவது நழுவினால், அம்மா முதலில் என்னைப் பார்ப்பார், அப்புறம்தான் விழுந்ததைப் பார்ப்பார். முப்பது வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்த கிரேசி டீச்சர் அவர். ரிட்டயர் ஆனதும் பயந்த சுபாவம் வந்துவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2006இல் எனக்கு இருபத்தெட்டு வயது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "எப்சிக்கு இன்னும் அமையலையா?" என்று கேட்கிற வயது. அதைக் கேட்காத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. ஷூ லேஸும் ஹீலும் விற்கிற ஒரு கடையின் மாடியில் ஜியாவுல்லா வைத்திருந்த கம்ப்யூட்டர் கடை. ஜியாவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அதற்கு முன்னால் அவன் என் அம்மாவிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இன்றுவரை அம்மாவைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு "டீச்சர்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அந்தக் கடையில் நாங்கள் கூடுவோம். கூடுவது 'கிரேவால்ட்' பற்றிப் பேச. அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. நாமே ஒரு ஆளை உருவாக்கிப் பெயர் வைத்து, ஒரு குளிர் தேசத்தில் நடக்க விடவேண்டும். யாரிடம் என்ன பேசுகிறோம், யாரைக் காப்பாற்றுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தத் தேசமே மாறும். மூன்றாம் பாகத்தில் மரேலா என்ற அனாதைப் பெண்ணைக் காப்பாற்றிக் கடைசியில் ராணியாக்குவோம். அதற்கு எனக்கு ஐந்து மாதம் ஆனது. மரேலா தலையில் கிரீடம் ஏறிய நாளில் கம்பெனிக்கு லீவு போட்டேன். வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் கூட்டம் சின்னது. ஜியா, நான், தோல் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் ஆபித் பாஷா, ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வரும் சூரியபிரகாஷ். அவன் ஒரு டேனரியில், தோலின் முடியை உதிர்க்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்ப்பவன், என்னைவிட நான்கு வயது சின்னவன். ஐந்தாவது ஆள் ஜியாவின் அக்கா சுகரா பேகம். பேரணாம்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டைவிட்டு வர முடியாது, ஆனால் நான்கரை மணிக்குச் சரியாக போன் வரும். ஜியா செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்பான். குக்கர் விசில் சத்தத்தோடு அக்காவின் அபிப்பிராயமும் வரும்.

அந்த வருடம் செப்டம்பரில் நான்காம் பாகம் வந்தது. ஜியா எப்படியோ சிடி வரவழைத்து, காப்பி போட்டு, ஆளுக்கு ஒரு பழுப்பு உறையில் தனித்தனியாகக் கொடுத்தான். பிடிக்காவிட்டால் திட்டலாம், ஆனால் முழுசாக விளையாடிவிட்டுத் திட்ட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம்.

நான் மூன்று வாரம் விளையாடிவிட்டுத் திட்ட ஆரம்பித்தேன்.

"இது நாலாவது பாகமா? பொணவறை மாதிரி இருக்குது. ஊருக்குள்ள போனா ஒரு சத்தம் கெடயாது. ஆளுங்க வாயத் தெறந்து தெறந்து மூடறானுங்க. மரேலா மூணாவது அத்தியாயத்துல நல்லா இருக்கறா, நாலாவதுல செத்துப் போய்ட்டான்னு எழுத்துல போடறான். எப்டி செத்தா? யாரு கொன்னா? ஒண்ணும் கெடயாது. நாம வளத்த பொண்ணு அவ."

ஆபித் பாஷா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றே? அந்த எடத்துல நான் அழுதுட்டேன். எங்க வூட்டுக்காரி ஹலீமா பீ பின்னாடி நின்னு பாத்துட்டு, அவளும் அழுதா. இத்தினி வருஷத்துல வந்ததுல இதான் டாப்பு."

போனிலிருந்து சுகரா அக்கா சொன்னார்: "எனக்கு அந்தப் படகுத்துறைப் பாட்டு மனசுலயே நிக்குது எப்சி. பாத்திரம் கழுவும்போது கூட அதான் வாயில வருது." அதை முனகிக் காட்டவும் செய்தார். நான் படகுத்துறையில் மூன்று மணிநேரம் சுற்றியிருக்கிறேன். அங்கே ஒரு பாட்டும் கிடையாது.

சூரியபிரகாஷ் எப்போதும் போலப் பட்டும் படாமலும் பேசினான். "சுமார்தான்க்கா. ஓட்டலாம்" என்றான். எல்லோரும் ஒத்துப்போன ஒரே விஷயம், விளையாட்டில் வரும் தோல் பதனிடும் ஊரைப் பற்றித்தான். அதில் தோலைச் சுண்ணாம்பில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கவசம் தயார். "ஒரு நிமிஷத்துல முடி கூட உதிராதுக்கா" என்று சூரியபிரகாஷ் சொல்ல, அந்த ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு மறுபடியும் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

எனக்கு முதலில் ஆபித் பாய் மேல்தான் சந்தேகம் வந்தது. மனிதர் விளையாடவே இல்லை, ஏதோ பத்திரிகையில் வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்து அழுதேன் என்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு ஒரு கண்ணி வைத்தேன். "பாய், வடக்குக் கோட்டையில கெணத்துக்குள்ள ஒரு வாள் இருக்குதே, எடுத்தீங்களா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கிணறே கிடையாது. எடுத்தேன் என்று சொன்னால் மாட்டிக்கொள்வார்.

அவர் நெற்றியைச் சொறிந்தார். "கெணறா? நான் பாக்கவே இல்லியே. வூட்டுக்குப் போயி பாக்கறேன்" என்றார். அடுத்த வாரம் வந்து, கோட்டை முழுக்க இரண்டு நாள் தேடியும் கிணறு கிடைக்கவில்லை என்று என்னிடமே வழி கேட்டார். யோக்கியமான ஆள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கோ, பலே கில்லாடி, கண்ணியைத் தாண்டிவிட்டார் என்றுதான் தோன்றியது.

வீட்டிலும் ஒன்று சரியாக இல்லை. கம்ப்யூட்டர் இருக்கும் முன் அறைப் பக்கமே வராத அம்மா, அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு தடவை, "பொட்டி நல்லா ஓடுதாடி?" என்று கேட்டார். நல்லா ஓடுது என்றால் முகம் தெளியும். எதற்கு இந்தத் திடீர் அக்கறை? யாராவது பெண் பார்க்க வருகிறார்கள், அறையைக் காலி செய்யப் பார்க்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தப் பெட்டி ஆகஸ்டில் ஒரு தடவை பழுதாகி ஜியாவின் கடைக்குப் போய் வந்தது. லோ வோல்டேஜ், பவர் சப்ளை போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்று ஜியா சொன்னான். அம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் சொன்னார்கள். அது கூட எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுவிட்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அது வெடித்தது. ஆபித் பாய் பேச்சுவாக்கில், "மூணாவது சிடி போடும்போது கொஞ்சம் டைம் எடுக்குது ஜியா, துடைச்சிப் போடணுமா?" என்று கேட்டார்.

மூன்றாவது சிடியா? எனக்கு ஜியா கொடுத்த உறையில் இரண்டு சிடிதான் இருந்தது.

"உங்களுக்கு எத்தினி சிடி பாய்?" என்றேன்.

"நாலு."

"சுகராக்கா, உங்களுக்கு?"

"நாலுதான். ஏன்?"

சூரியபிரகாஷைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினான்.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வெட்டிய பிரதி. சிடி கம்மியாக வருவதற்காகப் பேச்சு, பாட்டு, நடுவில் வரும் படங்கள் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு வெறும் எலும்பை மட்டும் விடுவார்கள். மரேலா எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். இடது கால் ஒரு தோலிலும் வலது கால் ஒரு தோலிலும் வெட்டிவிட்டு, ஜோடி ஏன் பொருந்தவில்லை என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறோம். நாலு சிடி வாங்கியது யார், ரெண்டு சிடி வாங்கியது யார் என்று என் மூளை உடனே பிரித்து அடுக்கியது. அடுக்கியதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஜியா, எனக்கு எதுக்கு வெட்டுனது குடுத்தே?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான். "உன் மிஷினுக்கு அதான் சரியா ஓடும் எப்சி."

"என் மிஷின அசெம்பிள் பண்ணதே நீதான். ஆபித் பாய் மிஷின விட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டுத் தந்தேன்னு நீயே சொன்னே. அதுல ஓடாதா?"

ஜியா வாயைத் திறந்தான், மூடினான். "விடு எப்சி. பேஜார் பண்ணாத. அப்புறம் பேசலாம்."

"இன்னா அப்புறம்? இப்ப சொல்லு."

சூரியபிரகாஷ் குறுக்கே வந்தான். "அக்கா, எனக்கு நான்தான் கேட்டு வாங்கனேன். என்னுது பழைய பொட்டி, முழுசு இழுக்காது. ஜியா அண்ணன் மூணு நாள் உக்காந்து படத்தையெல்லாம் கம்மி பண்ணி ஓடற மாதிரி செஞ்சி குடுத்தாரு. சொல்ல வெக்கமா இருந்துச்சி, அதான் சுமாருன்னு சொன்னேன்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"சரி, அவன் கேட்டான். நான் கேட்டனா? எனக்கு ஏன்?"

ஜியா ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தான். அவன் முகத்தில் ஒரு தவிப்பு இருந்தது. குற்றம் செய்தவன் முழிக்கிற முழி என்று நான் அதைப் படித்தேன். மேசையில் தைத்து வந்த பீஸைத் திருப்பிப் பார்க்கும்போது, தைத்த பெண்ணின் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். முகமே எங்கே தப்பு என்று சொல்லிவிடும். அந்த வித்தையை நம்பித்தான் அன்று பேசினேன்.

"நான் சொல்லட்டா? உங்க ஆளுங்களுக்கு முழுசு, எங்களுக்கு வெட்டுனது. அதான?"

மேசை நடுவில் போன் திறந்திருந்தது. சுகரா அக்கா வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு போன் கட்டாகிவிட்டது. ஆபித் பாய் எழுந்தார். தன் பையிலிருந்து நான்கு சிடிகளையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா. எடுத்துக்கினு போ. முழுசா விளையாடு" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஜியா என்னைப் பார்க்காமல், பிரித்து வைத்திருந்த ஒரு கீபோர்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். நான் சிடிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படி இறங்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், ஜெயித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு பழையதை அழித்துவிட்டு நாலு சிடியையும் ஏற்றினேன். ஏறி முடிய ஒரு மணிநேரம் ஆனது. மரேலாவின் அரண்மனை திறந்தது. ஒரு படம், நின்றது. இன்னொரு படம், நின்றது. மாட்டுவண்டி வேகத்தில் கூட நகரவில்லை. பிறகு திரை கறுத்து ஒரு பெட்டி வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு போதாது என்றது.

போதாதா? என் கார்டா? கம்ப்யூட்டரையே சந்தேகப்பட்டேன். அணைத்தேன். பக்க மூடியின் நான்கு திருகையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் வாங்கியது சிவப்பு நிறத்தில் பெரிய விசிறி வைத்த கார்டு. உள்ளே இருந்தது பச்சை நிறத்தில் விசிறி இல்லாத ஒரு பழைய கார்டு. தோலில் ஊசிமுனைக் கீறலைக் கண்டுபிடிக்கிற நான், இரண்டு மாதமாக என் முன்னால் இருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கார்டின் ஓரத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஜியா மாட்டுகிற எந்தப் பாகத்திலும் தேதியும் ஆள் பெயரும் எழுதி ஒட்டுவான். தேதி ஆகஸ்ட் பன்னிரண்டு. பெயர் 'கிரேசி டீச்சர்'.

பவர் சப்ளையை மாற்றினேன் என்று சொல்லிவிட்டு என் கார்டைத் திருடியிருக்கிறான். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாத என் அம்மா பெயரில் எதையோ எழுதி ஒட்டி மறைத்திருக்கிறான். அதனால்தான் வெட்டிய பிரதி, அதனால்தான் அந்த முழி. ஒவ்வொன்றும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. போலீஸுக்குப் போகலாமா, முதலில் நாலு பேர் முன்னால் கேட்கலாமா என்று யோசித்தபடியே கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்கடி போற? மணி ஏழாச்சி." அம்மா வாசலில் நின்றார். என் கையில் டார்ச்சைப் பார்த்தார். உள்ளே மூடி கழற்றிக் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஜியா கடைக்கு. என் கார்ட எடுத்துட்டு ஏதோ குப்பைய மாட்டி வச்சிருக்கான் திருட்டுப் பய. இன்னிக்கி அவன..."

"எப்சி, இரு. இரும்மா." அம்மா கதவை மூடி, அதன்மேல் சாய்ந்துகொண்டார். வகுப்பறையில் கூட அவர் அப்படிக் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். "அவன் எடுக்கல. நான்தான்."

"நீ இன்னா?"

"நான்தான் கெடுத்தேன்."

அம்மா நின்றபடியே சொன்னார். ஆகஸ்டில் எங்கள் வீட்டு முறைக்கு ஜெபக்கூட்டம் வந்தது. அதற்கு முந்தின நாள் அம்மா வீட்டைத் துடைத்தார். கோடையில் பெட்டி சூடாகிறது என்று நான் பக்க மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன்பக்கம் திருப்பி வைத்திருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. ஜெபத்துக்கு வருகிற அத்தனை பேரும் அந்த அறையில்தான் உட்கார வேண்டும். தூசியைப் பார்த்தால் சாயங்காலம் நான் என்ன சொல்வேன் என்று நினைத்து, அம்மா ஈரத் துணியால் உள்ளேயும் துடைத்துவிட்டார். பிறகு, ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம். கருகிய நாற்றம்.

"எனக்கு ஒண்ணும் ஓடல. ஆட்டோ வச்சி அந்தப் பொட்டியோட நேரா அந்தப் புள்ள கிட்டதான் போனேன். தம்பி, அவளுக்குத் தெரியவேணாம்ப்பான்னேன். அவன் ரெண்டு நாளு அலைஞ்சான். அதே கார்டு மெட்ராஸ்லயும் கெடைக்கல. தன்கிட்ட இருந்த பழசு ஒண்ண மாட்டி, கெடைச்சதும் மாத்தித் தரேன் டீச்சர், அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாத மாதிரி பாத்துக்கறேன்னு சொன்னான். பாவம், எங்கிட்ட சொன்ன வார்த்தைக்காகத்தான் வாயத் தெறக்காம இருந்திருப்பான்."

பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்தப் பச்சை கார்டு.

"ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக் காட்டும் எண்ணம் துளியும் இல்லை. நடக்கவே முடியாத ஒன்றை நான் கேட்டுவிட்ட மாதிரி, ஆச்சரியமாகக் கேட்டார்:

"உங்கிட்டயா?"

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கூட எனக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த வீட்டில் ஒருத்தர் எத்தனை வருடமாக என்னைக் கண்டு பயந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஜியா கடைக்குப் போனேன். அவன் மட்டும் இருந்தான். பச்சை கார்டை மேசையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

"டீச்சர் சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க. ஜியா, தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு."

அவன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். ஆனால் உடனே சிரித்துவிடவில்லை. நான் அதை எதிர்பார்த்துதான் போயிருந்தேன் என்பது அவன் சிரிக்காதபோதுதான் தெரிந்தது.

"நீ திட்டறது எனக்குப் புதுசு இல்ல எப்சி. மானிட்டர்ல ஒரு புள்ளி இருக்குதுன்னு மூணு தபா திருப்பி எடுத்துக்கினு வந்தவ நீ. திருடன்னு சொல்லியிருந்தா கூட தொடச்சிட்டுப் போயிருப்பேன்." கார்டின் ஸ்டிக்கரை நகத்தால் தடவினான். "உங்க ஆளுங்கன்னு சொன்னே பாரு. பாலிடெக்னிக்ல நம்ம கிளாஸ்ல எத்தினி பேரு எங்கிட்ட அந்த மாதிரி பேசியிருக்கான், உனக்கே தெரியும். நீ ஒரு நாளும் பேசனதில்ல. இத்தினி வருஷத்துல ஒரு நாளும்."

அழுதேன். அவன் தடுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கீழே போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என் முன்னால் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை இருக்குதா ஜியா?" என்று கேட்டேன். எவ்வளவு அற்பமான கேள்வி. ஆனால் அதற்காகத்தான் இரவெல்லாம் தூங்கவில்லை.

"கட தொறந்துதான் இருக்கும். அக்கா கிட்ட நான் பேசறேன். ஆபித் பாய் வருவாரான்னு எனக்குத் தெரியாது. நீயே போயி கேளு."

ஆபித் பாய் வீட்டுக் கதவை ஹலீமா பீ திறந்தார். நான் யார் என்று தெரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் நின்றார். பாய் வந்தார். நான்கு சிடிகளையும் நீட்டினேன்.

"விளையாடிப் பாத்தியா?"

"இல்ல பாய். என் மிஷின்ல ஓடல."

"உன் மிஷின்லயா?"

"என் மிஷின்லதான். கார்டு போயி ரெண்டு மாசம் ஆவுது. எனக்கே நேத்துதான் தெரியும். ஜியா மேல தப்பு இல்ல. நான் பேசனது எல்லாமே பாக்காம பேசனது. விளையாட்டப் பத்திப் பேசனதும், உங்களப் பத்திப் பேசனதும். கெணறு கூடப் பொய்தான் பாய். அப்டி ஒரு கெணறே இல்ல."

பாய் சிடிகளை வாங்கி, கீறல் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் பீஸ் பார்க்கும்போது எதிரே நிற்கிற பெண்களுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

"ரெண்டு நாளு தேடனேம்மா அந்தக் கெணற" என்றார் கடைசியில். ஹலீமா பீயின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. பாய் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றார். வருகிறேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்று அர்த்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக என்றால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்திருப்பேன். அன்று கண்டுபிடிக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சமையலறையில் இருந்தார். நான் உள்ளே நுழைந்த சத்தத்தில் திரும்பியவர் கை பட்டு, அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அம்மா டம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து எடுத்தேன். விளிம்பில் ஒரு நெளிவு, நகக்கண் அளவுக்கு. என் கண்ணுக்கு அது தப்புமா?

"ஒண்ணும் ஆவலம்மா" என்றேன்.

"நல்லா பாத்தியா?" என்று அம்மா கேட்டார்.

"பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டு, அதைக் கழுவி, அதிலேயே தண்ணீர் மொண்டு குடித்தேன்.